புள்ளி உடைஞ்சு போச்சு

எடை மெஷின் ரிப்பேர் என்று என் கடைக்கு வந்தவர்களில், மெஷினோடு ஒரு பழைய தராசையும் தூக்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் அவர்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சிவகாசியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். மீதிப் பேர் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் எங்கள் கடை. டிவி, டேப் எல்லாம் என் வீட்டுக்காரர் பார்ப்பார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், எடை மெஷின் முழுக்க என் பொறுப்பு. இரண்டாயிரத்துக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தராசை ஓரங்கட்டிவிட்டு எலக்ட்ரானிக் மெஷினுக்கு மாறிக்கொண்டிருந்தன. மாறிய வேகத்தில் தூசி புகுந்து மெஷின்கள் படுத்தும்விட்டன. எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

"இது ஒண்ணு சொல்லுது, அது ஒண்ணு சொல்லுது. எது பொய் சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்க தங்கச்சி" என்று இரண்டையும் மேசையில் வைத்தார் அண்ணாச்சி. கழற்றிப் பார்த்தேன். மெஷினுக்குள் அலுமினியப் பொடி ஒரு விரற்கடை படிந்திருந்தது.

"தராசு சொல்றதுதான் சரி அண்ணாச்சி."

"அப்ப மெஷினைத் தூரப் போட்டுரச் சொல்லுதீகளா?"

"ஐயோ, அப்படி இல்ல. துடைச்சுக் குடுத்தா மெஷினும் சரியாச் சொல்லும். அதுக்கப்புறம் தராசு எதுக்கு?"

"நாளைக்குத் திரும்பப் பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிக்க? ரெண்டும் வேணும். ஒத்தைச் சாட்சி செல்லாது தங்கச்சி."

இந்த ஒரு வாக்கியத்தை அடுத்த ஐந்து வருடத்தில் அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. மணி என்ன என்று கேட்டால் தன் வாட்சைப் பார்த்து "பத்தேகால்" என்பார். உடனே தலையைத் திருப்பி, "உங்க செவுத்துக் கடிகாரம் என்ன சொல்லுது?" என்பார். கண்டக்டரிடம் கேட்டுத்தான் காரியாபட்டி பஸ்ஸில் ஏறியிருப்பார், ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம், "இது காரியாபட்டிதான போகுது?" என்று இன்னொரு தடவை. பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பது எல்லாரும் செய்வது. இவர் இழுத்துப் பார்த்துவிட்டு, போகிற வருகிற ஒரு ஆளைக் கூப்பிட்டு அவரையும் இழுக்கச் சொல்வார். என் வீட்டுக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நீங்க அண்ணாச்சிதானான்னு வேற யார்ட்டயாவது ஒரு தடவை கேட்டுக்கிடவா?" என்றார். மனிதர் சிரிக்கக்கூட இல்லை. "கேளுங்க, தப்பில்ல" என்றார்.

அவர் மனைவி, மதினி, இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வார்கள். "என்னைய ரெண்டு தடவை பொண்ணு பாத்த மனுசன்லா இவுக. மொதத் தடவை ஊரு உறவோட வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போனாக. மறுவாரம் பாத்தா, ஒத்தையில கிணத்தடியில வந்து நிக்காக! எங்கய்யா எவனோ களவாணிப் பயன்னு வெறகுக்கட்டையத் தூக்கிட்டு ஓடியாந்துட்டாரு." அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி காபி குடித்துக்கொண்டிருப்பார்.

வெளியே சிரிப்பாய்ச் சிரித்தோம். ஆனால் அவர் வேலைபார்த்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். பட்டாசுக்குள் போகிற வெடிப்பொடியை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த மருந்தைச் சலித்து, நிறுத்து, கலக்குகிற ரூமுக்கு அவர் பொறுப்பு. உள்ளே நாலு பேருக்கு வேலை. சல்லடையில் ஒரு மணல் துகள் தங்கிப்போனால் போதும், உரசிப் பற்றிக்கொள்ளும். பிறகு யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேரில் ஒருத்தியான முத்துமாரி என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "அண்ணாச்சி ரூமுல நின்னா, காலையில பிள்ளைகட்ட சொல்லிட்டு வந்தபடி சாயங்காலம் வீடு போய்ச் சேந்துரலாம் அக்கா." அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமையானால் துப்பாக்கி சுடப் போவார் என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை, நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஆனைக்குட்டம் போகிற வழியில் மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டி ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ஏழெட்டுப் பேர் கிளப் மாதிரி நடத்தினார்கள். ஏர் ரைபிள், அதாவது காற்றுத் துப்பாக்கி. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை, அதில் கறுப்பு வட்டம். "வாரத்துல ஆறு நாளு தீயோட மல்லுக்கட்டுதோம். ஏளாம் நாளாவது தீயில்லாம சுடணும்லா" என்பார். அந்த ஷெட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

குறி பார்ப்பது எப்படி என்று எனக்கும் காட்டித் தந்தார்கள். துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை, முன்பக்கம் ஒரு கம்பி. துளை வழியாகப் பார்த்து, கம்பி நுனி மேல் அந்தக் கறுப்பு வட்டத்தை உட்காரவைத்து விசையை அழுத்த வேண்டும். இதற்கு அங்கே இரும்புக் குறி என்று பெயர். எனக்குக் கம்பியும் தெரியவில்லை, வட்டமும் தெரியவில்லை. ஷெட்டுச் சுவரில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டு வந்தேன்.

கிளப்பில் ஒரு அச்சாபீஸ் முதலாளியும் உண்டு. சிங்கப்பூர் போய்விட்டு வந்தவர் எலக்ட்ரானிக் குறி ஒன்று வாங்கி வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, உள்ளே பேட்டரி. முன்பக்கக் கண்ணாடியில் சிவப்பாக ஒரே ஒரு புள்ளி மிதக்கும். புள்ளியை எதன்மேல் வைக்கிறோமோ குண்டு அங்கே போகும், அவ்வளவுதான். ஒரே நாளில் அதற்குப் புள்ளி டப்பா என்று பெயர் விழுந்துவிட்டது.

"இனிமே அந்த இரும்பையெல்லாம் கழட்டிப் பரண்ல போடுங்க அண்ணாச்சி" என்றார் முதலாளி.

"பேட்டரி செத்துப்போனா?"

"மாத்துங்க!"

"மாத்துற வரைக்கும்? ரெண்டும் இருக்கட்டும்யா. ஒண்ணுக்கு ஒண்ணு சாட்சி."

புள்ளி டப்பாவுக்கு அடியில் அலுமினியப் பட்டை கொடுத்து உயரத்தைச் சரிசெய்து, துளை வழியாகப் பார்த்தால் கம்பியும் தெரிய வேண்டும், புள்ளியும் தெரிய வேண்டும் என்று இரண்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தார். மூன்று ஞாயிறு இதற்கே போயிற்று. அது முடிந்ததும் அவர் செய்த காரியம்தான் அவர். "சாட்சிகளைத் தனித்தனியா விசாரிக்கணும்லா?" என்று சொல்லி, புள்ளியை அணைத்துவிட்டு இரும்புக் குறியை வைத்து ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் ஒரு மிளகு அளவு இடத்துக்குள் விழுந்தன. அடுத்து, பின்பக்கத் துளையைக் கழற்றி வைத்துவிட்டு, புள்ளியை மட்டும் வைத்துச் சுடக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

"புள்ளி உடைஞ்சு போச்சு" என்றார்.

"என்னது?"

"தரைச்சக்கரம் சுத்துன மாதிரி சிதறுது."

முதலாளி வாங்கிப் பார்த்தார். "எனக்கு உருண்டையாத்தான தெரியுது" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் பட்டாசாகத்தான் தெரியும். பால் பொங்கினால் புஸ்வாணம், மாமியார் வாயைத் திறந்தால் சரவெடி. ஒருவர் தரைச்சக்கரம் என்று சொன்னால் அது பேச்சு, அவ்வளவுதான். உண்மையாகவே கண் முன்னால் அவருக்குத் தரைச்சக்கரம் தெரிகிறது என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அவரோ அதில் ஒரு சித்தாந்தமே கட்டிவிட்டார். துளையைத் திரும்ப மாட்டிப் பார்த்தால் புள்ளி உருண்டையாக உட்கார்ந்தது. கழற்றினால் சிதறியது. "பாத்தீகளா, பளசு கூட இருந்தாத்தான் புதுசு ஒளுங்கா நிக்குது!" என்று பஜாரில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். இத்தனை வருடம் ஊர் அவரைக் கேலி பண்ணியதற்கு இரும்பும் எலக்ட்ரானிக்கும் சேர்ந்து வந்து பதில் சொன்ன மாதிரி அவருக்கு. அந்த ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார். ஆனாலும் புள்ளி டப்பாவை என்னிடம் கொண்டுவந்து, "எதுக்கும் பிரிச்சுப் பாத்துருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

பிரித்தேன். பேட்டரி சரி. விளக்கு சரி. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மேசையில் இடுக்கியில் பிடித்துவைத்துப் பார்த்தேன், கோலப்புள்ளி மாதிரி அழகாக இருந்தது. குறை இல்லாத ஒரு சாமானில் குறையைத் தேடுகிற அவஸ்தை இருக்கிறதே, அது ரிப்பேர்காரர்களுக்குத்தான் தெரியும். மத்தியானச் சோறு இறங்கவில்லை. "அண்ணாச்சிக்குத் தலை சுத்தியிருக்கும், மூடி வை" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வேர்வையில் மூக்குக்கண்ணாடி மங்கியது. துடைப்பதற்காகக் கழற்றியவள், அப்படியே ஒரு பார்வை பார்த்தேன். புள்ளிக்கு வால் முளைத்திருந்தது! கண்ணாடியைப் போட்டேன், உருண்டை. கழற்றினேன், வால். ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, கண்ணாடி இல்லாமல் அந்தத் துளை வழியாகப் பார்த்தேன். வாலைக் காணோம். எனக்குக் கண்ணில் சிலிண்டர் பவர் உண்டு, கண்ணாடி இல்லாவிட்டால் எதுவும் இழுபட்டுத்தான் தெரியும். கண்ணாஸ்பத்திரியில் பவர் பார்க்கும்போது துளை போட்ட ஒரு கறுப்புத் தகட்டைக் கண் முன்னால் வைப்பார்களே, அது நினைவுக்கு வந்தது. மங்கலாகத் தெரிகிற எழுத்து அந்தத் துளை வழியாகப் பார்த்தால் தெளிந்துவிடும். சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன், கண்டுபிடித்துவிட்டேன் என்று. அடுத்த நிமிடம்தான் உறைத்தது. உடைந்தது புள்ளி இல்லை. இரும்புக் குறியின் துளை இத்தனை நாளும் அவர் கண்ணின் குறையை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

மறுநாள் வந்தவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க ஒருத்தர்தான சொல்லுதீக. இன்னொரு சாட்சி?"

அப்போது கேமரா செல்போன் ஊருக்குள் புதுசு. என் வீட்டுக்காரரின் செல்லை வாங்கி, புள்ளியைப் படம் பிடித்துக் காட்டினேன். உருண்டையாக இருந்தது.

"செல்லும் மிஷினு, இதுவும் மிஷினு. ஒண்ணுக்கொண்ணு சாதகமாத்தான் சொல்லிக்கிடும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப வேற ஆளே வேண்டாம் அண்ணாச்சி. சாட்சி உங்க மூஞ்சியிலயே இருக்கு. வலது கண்ணப் பொத்திக்கிட்டு எடது கண்ணால பாருங்க. அதுல உருண்டையாத் தெரிஞ்சா குத்தம் வலது கண்ணுலதான்."

அவர் கண்ணைப் பொத்தவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வீட்டுக்காரர் டீக்குப் போயிருப்பதை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, குரலை இறக்கிச் சொன்னார்.

"அந்தக் கண்ணு சாட்சிக்கு வராது தங்கச்சி. பதினோரு வயசுல ஒரு வெடி தெறிச்சு அடிச்சது. வெளிய ஆறிப்போச்சு. உள்ள நரம்பு செத்துப்போச்சு."

அவர் இடது கண்ணை உற்றுக் கவனித்தேன். பார்க்க அந்தக் கண் மற்றக் கண் மாதிரியேதான் இருந்தது. என் கடை பெஞ்சில் எப்போதும் இடது பக்கம் சுவர் இருக்கிற மாதிரி பார்த்து அவர் உட்காருவது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"போர்மேன் வேலைக்குக் கண்ணு பாத்திருப்பாகளே?"

"வலது கண்ணால எளுத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டு, எடது கண்ணுக்கு ஒப்பிச்சேன். ஒரு எளுத்து பிசகல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை வந்து, உடனே போய்விட்டது. "வீட்ல அவளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். இப்ப உங்களுக்கு."

"அதோட போயி துப்பாக்கியா சுடுதீக?"

"துப்பாக்கியப் பிடிச்சா எல்லாரும் ஒரு கண்ண மூடிக்கிடுதாங்கள்லா தங்கச்சி. அங்கன மட்டுந்தான் நான் எல்லாரும் மாதிரி."

ஒரு கண் போன மனிதர், மிச்சமிருந்த கண்ணை ஒரு நாளும் தனியாக நம்பத் துணியாமல், தராசையும் மெஷினையும் கடிகாரத்தையும் பக்கத்து சீட்டுக்காரரையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். நாங்கள் அதற்குச் சிரித்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் மீறிக்கொண்டு பயம் வந்தது.

"அண்ணாச்சி, நாளைக்கும் நீங்க மருந்து ரூமுக்குப் போவீகளா?"

"சீசன்லா. தீவாளிக்கு எம்புட்டு ஆர்டர் கிடக்கு. முடியட்டும், பாத்துக்கிடலாம்."

"பாத்துக்கிடலாமா? எதை வச்சுப் பாப்பீக? சல்லடையில மணல் கிடந்து உங்க கண்ணுக்குத் தெரியாமப் போனா, முத்துமாரி பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்லுவா? நீங்களா, நானா?"

என் கடையில் நான் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். புள்ளி டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை.

மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார் என்று மதினி சொல்லித்தான் தெரியும். கண்புரை, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இருப்பது ஒரே கண் என்பதால் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நம்ம ஆள் அங்கிருந்து நேரே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி இன்னொரு ஆஸ்பத்திரியிலும் காட்டியிருக்கிறார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். "தப்பிப்போனா முளுக் குருடுல்லா மதினியாரே" என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவருடைய கம்பெனியில் எனக்கு எடை மெஷின் சர்வீஸ் இருந்தது. போனபோது மருந்து ரூம் வாசலில் அண்ணாச்சி சாவியோடு நின்றிருந்தார். வேலைக்கு வந்த நாலு பேரும் எதிரே நின்றார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை.

"உங்க நாலு பேருட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "எனக்கு எடது கண்ணு சின்ன வயசுலயே போச்சு. மறைச்சுத்தான் இந்த வேலைக்கு வந்தேன். இப்ப வலது கண்ணுலயும் புரை. ஆபரேசனுக்குப் போறேன். இத்தன வருசம் உங்க உசுரை ஒரு கண்ணுலதான் வச்சிருந்தேன். கம்பெனி முதலாளிட்டயும் சொல்லிட்டேன்."

ஒரு ஆண் "அதனால என்ன அண்ணாச்சி" என்று ஏதோ சொல்ல வந்தார். முத்துமாரி அவரைப் பேசவிடவில்லை.

"ஒம்பது வருசம்" என்றாள். "ஒம்பது வருசமா எம் பிள்ளைகளை நெனச்சுப் பாத்தீகளா?"

"நெனைக்காம இல்ல ஆத்தா. அதான் எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்தேன்."

"ஒரே கண்ணால ரெண்டு தடவை பாத்தா ரெண்டு சாட்சி ஆயிருமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி சாவியை அவள் காலடியில் இருந்த திண்டில் வைத்துவிட்டு, கேட்டைப் பார்த்து நடந்தார். அன்றைக்கே வேறு போர்மேன் வந்துவிட்டார்.

மாரியம்மன் புண்ணியத்தில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று மதினியைப் பார்த்து, "இந்தச் சேலை நீலமா? நான் பச்சைன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்றாராம். மதினி ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

தீபாவளி முடிந்து கம்பெனி திறந்தது. கண்தான் பளிச்சென்று ஆகிவிட்டதே, பழைய ரூமுக்கே வாருங்கள் என்று கம்பெனி முதலாளி கூப்பிட்டிருக்கிறார். "அந்த நாலு பேரும் சம்மதிச்சா வாரேன்" என்றாராம் இவர். மூன்று பேர் வரட்டும் என்றார்கள். முத்துமாரி ஒருத்தி மட்டும், "எனக்குச் சம்மதமில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இவர் கேட் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை.

எனக்கு ஆறவில்லை. உண்மையைச் சொன்ன மனிதருக்கு இதுதானா மரியாதை என்று மனசுக்குள் முத்துமாரியைத் திட்டிக்கொண்டேதான் அடுத்த சர்வீஸுக்குப் போனேன். கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் பையை வாங்கி ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தார்.

"அவ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணாச்சி. ஒம்பது வருசம் ஒரு கீறல் படாம பாத்துக்கிட்டீக. அந்த நன்றி வேண்டாமா?"

பையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ரூம் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பினார். அவர் முகத்தில் வருத்தம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை.

"ஒம்பது வருசமா அந்த ரூமுல இருந்த நாலு பேரும் என்னைய நம்புனாங்க தங்கச்சி. நான் தூங்கவே இல்ல" என்றார். "இப்ப யாரையும் நம்பாத ஒரு பொம்பள உள்ள நிக்கா. நல்லாத் தூங்குதேன்."